2 டெராபைட் பாட்டுப் பெட்டி: வாங்க முதல் இதை வாசியுங்கள்

வீட்டிலுள்ள பாட்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் போட்டு, எந்த அறையிலிருந்தும் போனில் தட்டிக் கேட்கலாம் என்று சொல்லிக் கொழும்பில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை விற்கிறார்கள். ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினி, 2 டெராபைட் எஸ்எஸ்டி டிஸ்க், ஏற்கெனவே ஏற்றிய 1500 ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்பு) பாட்டு, மென்பொருள், வீட்டுக்கு வந்து பூட்டித் தருவது எல்லாம் சேர்த்து 58,000 ரூபா. நான் வாங்கியது காலி வீதியில் ஒரு கடையில். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரிப் பெட்டி பேஸ்புக்கிலும் விளம்பரமாக ஓடுகிறது. பெயரைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

என்னிடம் இருந்தவை இரண்டு அலுமாரித் தட்டு நிறைந்த சீடிகளும், அப்பா இலங்கை வானொலியிலிருந்து பதிந்து வைத்த கசெட்டுகளும். எல்லாவற்றையும் ஃபிளாக்காக மாற்றி லேப்டாப்பில் வைத்திருந்தேன். அவற்றை வரவேற்பறை ஸ்பீக்கரில் போட ஒரு சேர்வர் வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டிய அன்று எல்லாம் அருமையாக ஓடியது. கடைக்காரர் ஏற்றித் தந்த பாட்டுகள் இன்றுவரை பிசகாமல் ஓடுகின்றன; அதில்தான் விஷயமே இருக்கிறது. பிரச்சினை என்னுடைய பாட்டுகளை ஏற்றிய பிறகுதான் தொடங்கியது. கோப்புறையைத் திறந்தால் பெயர் சரி, அளவு சரி. ஆனால் ஆப்பில் பாதிப் பாட்டு வராது. வருகிற பாட்டும் பல்லவி முடிய முதலே நின்றுவிடும்.

கடைக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, உங்கட வைஃபை வீக். ரவுட்டரை மாத்துங்கோ" என்றான் பொடியன். ஒரு சீடியின் ஒலி, சுருக்காமல் அனுப்பினாலும், நொடிக்கு 1411 கிலோபிட்தான். ஃபிளாக்கில் அதைவிடக் குறைவு. யூடியூப்பில் தெளிவான வீடியோ பார்க்கிற வீட்டில் பாட்டுக்கு வைஃபை போதாது என்பது நம்பக்கூடிய கதையா? அடுத்த முறை, கரண்ட் ஏறி இறங்குகிறது, யூபிஎஸ் ஒன்று போடுங்கோ என்றார்கள். யூபிஎஸ்ஸும் அவர்களிடமே இருந்தது. கடைசியில், "கசெட்டில இருந்து எடுத்த ஃபைல் எண்டா அப்பிடித்தான் அண்ணை, ஒண்டும் செய்ய ஏலாது."

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நான் உட்கார்ந்து சோதிக்கத் தொடங்கினேன். ஃபிளாக் கோப்பில் ஒரு நல்ல வசதி உண்டு. உள்ளிருக்கும் ஒலிக்கான எம்டி5 கையொப்பம் (ஒலியிலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற ஒரு எண்) அதன் தலைப்பகுதியிலேயே பதிந்திருக்கும். ஃபிளாக்கின் இலவசக் கருவியில் சோதனைக் கட்டளை கொடுத்தால் கோப்பு முழுவதையும் விரித்துப் பார்த்து, ஒலி அப்படியே இருக்கிறதா என்று சொல்லிவிடும். லேப்டாப்பில் இருந்த கோப்புகள் எல்லாம் பாஸ். அதே கோப்புகளின் பெட்டிப் பிரதிகள் வரிசையாகப் பெயில். ஆக, குற்றம் கசெட்டிலும் இல்லை, வைஃபையிலும் இல்லை.

எஸ்எஸ்டியைக் கழற்றி லேப்டாப்பில் செருகி வாலிடிரைவ் என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். அது டிஸ்க் முழுவதிலும் சம இடைவெளியில் 576 இடங்களில் எழுதி, திரும்ப வாசித்துப் பார்க்கும். தொடக்கத்தில் மெல்லிய ஒரு பச்சைக் கீற்று, மிச்சம் முழுக்கச் சிவப்பு. அப்புறம் உறையைத் திறந்தேன். ஆணிகூட இல்லை, நகத்தால் நெம்பினால் கழன்று வந்தது. உள்ளே விரலளவு பச்சைப் பலகை, அதில் செருகிய 64 ஜிபி மெமரி காட். பாரம் தெரிவதற்காகச் சூட்டுப் பசையால் ஒட்டிய இரண்டு இரும்பு வாஷர்கள். பசைகூடச் சரியாகக் காயாமல் நூல் நூலாக இழுபட்டுக் கிடந்தது.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பிடிப்பது சுலபம். கட்டுப்பாட்டுச் சிப்பின் மென்பொருளை மாற்றி, கேட்கிற கணினிக்கெல்லாம் "என்னிடம் 2 டெராபைட் இருக்கிறது" என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில் இருப்பதால் பட்டியல் எப்போதும் சரியாகத் தெரியும். உண்மையான 64 ஜிபி நிரம்பிய பிறகு எழுதுவது எங்கும் பதியாது. சில டிஸ்க்குகளில் பழையதன் மேலேயே போய் எழுதும். 1500 பாட்டை முதலில் ஏற்றித் தருவதன் சூட்சுமமும் இதுதான். ஃபிளாக்கில் பாட்டுக்கு ஏறக்குறைய 28 எம்பி என்று போட்டால் 42 ஜிபி, உண்மையான இடத்துக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். கடையில் எதைப் போட்டுக் காட்டினாலும் ஓடும்.

அந்த 1500 பாட்டும் என்ன லட்சணம் என்று ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். சீடியிலிருந்து நேராக எடுத்த ஒலியில் 22 கிலோஹேர்ட்ஸ் வரை தடயம் இருக்கலாம். இவற்றில் முக்கால்வாசி 16 கிலோஹேர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல முடிந்தன. 128 கிலோபிட் எம்பி3யை ஃபிளாக் என்று மாற்றிப் பெயர் வைத்தால் இப்படித்தான் வரும். இறங்கிய தரம் திரும்பி ஏறாது, கோப்புதான் பருக்கும். ஒரு விஷயம்: பழைய 50, 60களின் பாட்டுகளில் உயர் அதிர்வெண் இயல்பாகவே குறைவு. அவை மெல்ல மெல்லத் தேய்ந்து போகும், நேர்கோட்டில் வெட்டுப்படாது. அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்.

மென்பொருளுக்கு "லைசன்ஸ்" என்று ஆண்டுக்கு 6000 ரூபா வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உள்ளே ஓடுவது லிரியன் மியூசிக் சேர்வர். லொஜிடெக் 2006இல் வாங்கிய ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தின் பழைய சேர்வர் இது. இப்போது ஆர்வலர்கள் பராமரிக்கிறார்கள். திறந்த மூல மென்பொருள், விலை பூச்சியம். நேவிட்ரோம், ஜெலிஃபின் என்று வேறு சேர்வர் மென்பொருள் எதை எடுத்தாலும் அப்படித்தான். பூட்டித் தந்த உழைப்புக்குக் கூலி கேளுங்கள், தாராளமாகத் தருகிறேன். லைசன்ஸ் என்று ஏன் பொய்?

நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அந்த ராஸ்பெரி பை 4 மட்டும் அசல். அதற்கும் 5 வோல்ட் 3 ஆம்பியர் சாஜர் வேண்டும். தந்தது ஏதோ போன் சாஜர்.

திறந்த டிஸ்க்கோடு கடைக்குப் போனபோது முதலாளி சிரித்துக்கொண்டே, "தம்பி, சீல் உடைஞ்சா வாரண்டி இல்லை, நாங்களும் வாங்கித்தானே விக்கிறம்" என்றார். லைசன்ஸ் காசை மட்டும் மேசையில் வைத்தார். பில்லில் "மியூசிக் சிஸ்டம் - 1" என்று மட்டும்தான் எழுதியிருந்தது. டெராபைட்டும் இல்லை, தொடர் இலக்கமும் இல்லை. தயவுசெய்து பில்லில் கொள்ளளவு, பிராண்ட், தொடர் இலக்கம் மூன்றையும் எழுத வையுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் காசைக் கொடுக்காதீர்கள். லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கடையிலேயே வாலிடிரைவை ஓட்டுங்கள், சில நிமிட வேலைதான். விடமாட்டோம் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

குறைந்த செலவில் செய்ய வேண்டுமென்றால் பாட்டுக்கு எஸ்எஸ்டியே தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட முகவரிடம் வாங்கிய சாதாரண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் போதும். பாவித்ததை வாங்கினால் கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற மென்பொருளில் டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று பாருங்கள். அந்த மணிக்கணக்கையும் திருத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். என் வீட்டில் இப்போது அதே பை, அதே லிரியன், வேறு டிஸ்க்.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கியவர்கள் புதிதாக எதையும் அதில் ஏற்றாதீர்கள். மூலப்பிரதி வேறெங்கும் இல்லாத பாட்டு அதில் இருந்தால் முதலில் அதைப் பிரதி எடுத்து, ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். சோதனையெல்லாம் அதற்குப் பிறகு. உறையை நீங்களே திறக்க முன் வாலிடிரைவ் காட்டும் படத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட் இருந்தால் அதையும் இணையுங்கள். என் பில்லில் இல்லாத "2 டெராபைட்" அதில்தான் இருந்தது.