உப்பு கக்கும் பழைய தோட்டா: வெந்நீரா, பாலிஸ்டாலா, அம்மோனியாவா?

பழைய ராணுவ இருப்புத் தோட்டாக்களில் துப்பாக்கிக் குழலை அரிப்பது வெடிமருந்து அல்ல, அதைப் பற்றவைக்கத் தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர். அதிலுள்ள பொட்டாசியம் குளோரேட், சுட்டதும் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலுக்குள் படிகிறது. சமையல் உப்புக்கு நெருங்கிய உறவு இது. ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் சுமார் 84 சதவீதத்தைத் தாண்டினால் தானே கரைந்து உப்புநீராகிவிடும். ஈரமான பருவத்தில் ஒரே இரவில் துரு பூப்பது இதனால்தான். எனவே எந்தத் திரவமானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உப்பைக் கரைக்குமா?

துப்பாக்கி எண்ணெயும் பெட்ரோலியக் கரைப்பானும் இங்கேயே தோற்றுவிடுகின்றன. கரியை நன்றாக எடுக்கும், உப்பைத் தொடாது. உப்பின்மேல் எண்ணெயைப் போர்த்தியும் விடும். துணி வெள்ளையாக வருகிறதே என்று ரைஃபிளைப் பெட்டியில் வைத்தால், எண்ணெய்க்கு அடியில் குழி விழத் தொடங்கும்.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவம் உப்பை ‘முறித்துவிடும்’ என்று பலர் நம்புகிறார்கள். பொட்டாசியம் குளோரைடு அமிலமும் அல்ல, காரமும் அல்ல. முறிக்க அதில் எதுவும் இல்லை. அங்கே வேலை செய்வது புட்டியிலுள்ள தண்ணீர். நாலு தெளிப்பில் எவ்வளவு கழுவிவிட முடியும்? சுட்ட இடத்திலேயே முதல் உதவியாகச் செய்யலாம், அவ்வளவே.

மொசின்-நாகன்ட், லீ-என்ஃபீல்டு போன்ற போல்ட் ரைஃபிள்களுக்கு (குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடுபவை) வெந்நீரை மிஞ்ச எதுவும் இல்லை. பிரிட்டிஷ் ராணுவம் இதற்கென்றே தனிப் புனல் வைத்திருந்தது. தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, குழல் வாயைக் கீழே பார்க்க வைத்து, சேம்பரில் (தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதி) சரியாகப் பொருந்தும் புனல் வழியாக 1 முதல் 2 லிட்டர் கொதிநீரை ஊற்றுங்கள். இரும்பு கையைச் சுடும், கையுறை வேண்டும். புனல் தளர்வாக இருந்தால் நீர் மரக்கட்டைக்கும் குழலுக்கும் இடையே இறங்கி, வெளியே தெரியாமல் துருவை வளர்க்கும். 20 டிகிரியிலேயே 100 கிராம் தண்ணீர் 34 கிராம் பொட்டாசியம் குளோரைடைக் கரைத்துவிடும். ஆக, கரைப்பதற்குச் சூடு அவசியமே இல்லை. சூடேறிய குழல் தானே உலர்ந்துவிடும் என்பதுதான் கொதிநீரின் ஆதாயம். பிறகு 3, 4 உலர்ந்த துணி, அதன்பின் கரிக்குக் கரைப்பான், கடைசியில் எண்ணெய். இந்த வரிசை மாறக்கூடாது. போல்ட் முகப்பையும் பிரைமரைத் தட்டும் ஃபயரிங் பின்னின் துளையையும் தனியே கழுவ வேண்டும். பலர் மறப்பது இங்கேதான்.

எஸ்கேஎஸ், ஏகே போன்ற கேஸ் ரைஃபிள்களில் நிலைமை வேறு. சுடும்போது எழும் வாயுவில் கொஞ்சம் குழலிலுள்ள கேஸ் துளை வழியாகப் போய், பிஸ்டனைத் தள்ளி இவற்றை இயக்குகிறது. கேஸ் துளைக்குள் போன தண்ணீர் எளிதில் வெளியேறாது. பிஸ்டன், கேஸ் டியூப் போன்ற கழற்ற வருபவற்றை வெந்நீரில் 5 நிமிடம் ஊறப்போடலாம். குழலுக்கும் அந்தத் துளையின்மேல் பொருந்தியிருக்கும் கேஸ் பிளாக்குக்கும் 1 பங்கு பாலிஸ்டாலை (தண்ணீரோடு கலக்கக்கூடிய துப்பாக்கி எண்ணெய்) 10 பங்கு தண்ணீரில் கலந்த பால்நிறக் கலவைதான் என் தேர்வு. தண்ணீர் உப்பைக் கரைக்கும், அது ஆவியானதும் எண்ணெய்ப் பூச்சு மிஞ்சும். நனைத்த துணியை 5, 6 முறை, ஒவ்வொரு முறையும் புதிதாக மாற்றித் தள்ளுங்கள். பழைய துணி உப்பையே திரும்பத் தேய்க்கும். தண்ணீர் கலக்காத பாலிஸ்டாலை இதற்கு நம்ப வேண்டாம். குரோம் பூசிய குழல்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம்: கேஸ் துளையின் ஓரத்துக்கும் போல்ட் முகப்புக்கும் அந்தக் கவசம் கிடையாது.

24 மணி நேரம் கழித்து வெள்ளைத் துணி ஒன்றைக் குழலில் தள்ளிப் பாருங்கள். பழுப்பு ஒட்டி வந்தால் உப்பு மிச்சமிருக்கிறது. எண்ணெயைக் கூட்டாமல், தண்ணீரிலிருந்தே மறுபடி தொடங்குங்கள்.