சிரட்டைக் கரியும் மக்காச்சோளக் கரியும்: ஒரு சாயக்கூடத்தில் நான்கு ஆண்டுகள்

துணிச் சாயக்கூடம் ஒன்றின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நான்கு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. இந்தக் காலத்தில் வேளாண் கழிவிலிருந்து செய்த செயலூட்டிய கரியை, அதாவது அழுக்கைப் பிடிக்கும் நுண்ணிய துளைகள் பெருகும்படி பக்குவப்படுத்திய கரியை, பல வடிவங்களில் பயன்படுத்திவிட்டோம். தேங்காய்ச் சிரட்டைக் கரியை விலைக்கு வாங்கினோம். உமியிலும் மக்காச்சோளக் கதிரிலும் நாங்களே செய்து பார்த்தோம். எந்தக் கரி நல்லது என்று கேட்பவர்களிடம் இப்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நீரிலிருந்து பிடிக்கவேண்டிய மூலக்கூறு எவ்வளவு பெரியது? இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டுக்கொள்ளாததால் முதல் ஆண்டு முழுவதும் வீணாயிற்று.

அப்போது நான் பார்த்தது அயோடின் எண் ஒன்றை மட்டுமே. ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதே அந்த எண். நாங்கள் வாங்கிய சிரட்டைக் குருணைக்கு அது 1,100 என்று சான்றிதழில் இருந்தது. வெளி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அதே எண் வந்தது. ஆகவே சரக்கில் குறையில்லை. மணல் வடிகட்டிக்கு அடுத்து நின்ற கலனில் அதை நிரப்பி, நீர் கரியோடு 15 நிமிடம் தங்கும்படி ஓட்டத்தைச் சரிசெய்தோம். முதல் வாரம் வெளியே வந்த நீர் கண்ணாடிபோல் இருந்தது. மூன்றாம் வாரம் இளஞ்சிவப்புத் தட்டியது. கரி நிறைந்துவிட்டது என்று முடிவுகட்டி, மாற்றுவதற்கு முன் கலனின் நடுப்பகுதியிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அதன் அயோடின் எண்ணில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. இடம் காலியாக இருந்தும் சாயம் உள்ளே போகவில்லை.

காரணம் கரியின் துளைகளில் இருந்தது. இரண்டு நானோமீட்டருக்குக் குறைவான துளைகளை நுண்துளை என்றும், இரண்டு முதல் 50 நானோமீட்டர் வரை உள்ளவற்றை இடைத்துளை என்றும், அதற்கும் பெரியவற்றைப் பெருந்துளை என்றும் வகுத்திருக்கிறார்கள். சிரட்டை அடர்த்தியானது, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் மிகுந்தது. அதை 900 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் நீராவி கொண்டு செயலூட்டும்போது உண்டாகும் துளைகளில் பெரும்பாலானவை நுண்துளைகள். அயோடினின் மூலக்கூறு எடை 254. அது அங்கே தாராளமாக நுழையும். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் ரியாக்டிவ் பிளாக் 5 என்னும் கறுப்புச் சாயத்தின் மூலக்கூறு எடை 992ஐ ஒட்டியது. அது வாசலிலேயே நின்றுவிடும், அல்லது மிக மெதுவாக ஊர்ந்து போகும். சிரட்டைக் கரிக்குப் பெயர் வந்ததே முதல் உலகப் போரின் நச்சுவாயு முகமூடிகளில்தான் என்பதைப் பின்னர் படித்தபோது சிரிப்பு வந்தது. 1918இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளைக்கூட மக்களிடமிருந்து திரட்டிக் கரியாக்கினார்கள். அங்கே பிடிக்கவேண்டியது சின்னஞ்சிறு வாயு மூலக்கூறு. அந்த வேலைக்குப் பிறந்த கரியை நான் சாயத்துக்குப் பணித்திருந்தேன்.

உமியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எளிதாகக் கிடைக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அதில் தொடங்கினோம். உமியை முழுதாக எரித்தால் அதன் எடையில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. அது துளைகளை அடைத்துக்கொண்டு கரியின் எடையை மட்டும் கூட்டியது. காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்தால் சிலிக்கா கரைந்து வெளியேறும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வரும் சோடியம் சிலிகேட் நீரை எங்கே கொண்டுபோய் விடுவது? மூன்று முறை செய்துவிட்டு நிறுத்தினோம். கொதிகலனில் எரிந்து மிஞ்சும் கறுப்பு உமிச் சாம்பலையே செயலூட்டிய கரி என்று சொல்லிக் கொடுக்க வருபவர்களும் உண்டு. அதில் கரியின் பெரும்பகுதி எரிந்துபோயிருக்கும்; எஞ்சியதும் முறையாகச் செயலூட்டப்பட்டதன்று.

எங்களுக்குக் கைகொடுத்தது மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர். அதைக் காயவைத்து, இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் துண்டுகளாக உடைத்து, எடைக்கு எடை பாஸ்பாரிக் அமிலம் சேரும்படி அமிலக் கரைசலில் ஓர் இரவு ஊறவைப்போம். மறுநாள் உலர்த்தியதும் துண்டுகள் கரும்பழுப்பாகி, கையுறையில் பிசுபிசுவென்று ஒட்டும். பிறகு காற்றுப் புகாத கலனில் 450 முதல் 500 பாகை வரை ஒன்றரை மணி நேரம் சூடாக்குவோம். நீராவி முறைக்குத் தேவைப்படும் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதிதான் இது. எங்களைப் போன்ற சிறிய கூடத்துக்கு எட்டக்கூடியதும் இதுதான். அமிலம் செல்லுலோசிலிருந்து நீரை உறிஞ்சி, தார் உண்டாவதைக் குறைத்துவிடுவதால் கரியின் அளவும் கூடுகிறது: 100 கிலோ உலர் கதிருக்கு 40 கிலோவை ஒட்டிக் கிடைக்கிறது. சிரட்டையில் 30 கிலோ அளவுக்குக் கரி எடுத்து, அதிலும் பாதியை நீராவிக்குப் பலிகொடுக்க வேண்டியிருக்கும். சூடாக்கும்போது கதிரின் திசுக்களுக்கு இடையே அமிலம் பிடித்துவைத்திருக்கும் இடம், கழுவிய பின் துளையாக நிற்கிறது. அத்துளைகளில் கணிசமானவை இடைத்துளைகள்.

முதலில் சாதாரண இரும்புக் கலனில் செய்தோம். ஐந்தாவது முறையிலேயே உள்சுவர் அம்மைத் தழும்புபோல் குழிவிழுந்து, கரியில் இரும்புத் துரு கலந்தது. சூடான பாஸ்பாரிக் அமிலத்துக்கு முன் இரும்பு நிற்காது என்பது எவருக்கும் தெரிந்த பாடம். நான் அதைக் கலனைப் பறிகொடுத்துப் படித்தேன். இப்போது தீக்களிமண் பானைகளையே பயன்படுத்துகிறோம். அமிலப் புகையை இழுக்கும் விசிறியும் அதைக் கழுவும் நீர்த்தொட்டியும் இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

இந்த முறையைப் பரிந்துரைப்பவர்கள் அதிகம் பேசாத பகுதி கழுவுதல். வெந்நீரில் திரும்பத் திரும்பக் கழுவி, வடியும் நீரின் பி.எச். மதிப்பு 6ஐ எட்டினால்தான் கரி பயன்படும். முதல் இரண்டு கழுவலில் வரும் நீரில் அமிலம் அடர்த்தியாக இருப்பதால் அதைச் சுண்டவைத்து அடுத்த முறை ஊறவைக்கப் பயன்படுத்துகிறோம். அடுத்தடுத்து வரும் நீர்த்த அமிலத்துக்குச் சுண்ணாம்பு இட்டு, கால்சியம் பாஸ்பேட்டாகப் படியவைக்கிறோம். கழிவுநீரைத் துப்புரவாக்கும் கரியைச் செய்வதற்கே இன்னொரு கழிவுநீர் உண்டாகிறது. இதற்கு வழி செய்யாமல் கரி செய்வது, ஓட்டைப் படகிலிருந்து நீரை இறைத்துப் பக்கத்துப் படகில் ஊற்றுவதற்குச் சமம். ஒருமுறை அவசரத்தில் கழுவலைப் பாதியில் நிறுத்திவிட்டோம். பத்தே நாளில் வெளியேற்றத் தொட்டியின் சுவர் முழுவதும் பச்சைப் பாசி படர்ந்தது. சாயம் போயிருந்தது, பாஸ்பேட்டை நாங்களே கொண்டுவந்து சேர்த்திருந்தோம்.

ஆய்வகத்தில் இந்தக் கரியின் அயோடின் எண் 750ஐக்கூடத் தாண்டவில்லை. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் தூக்கி எறிந்திருப்பேன். ஆறு கண்ணாடிக் குடுவைகளில் ஒவ்வொரு லிட்டர் எங்கள் கழிவுநீரை எடுத்து, மூன்றில் சிரட்டைக் கரியும் மூன்றில் மக்காச்சோளக் கரியுமாக அரை கிராம், ஒரு கிராம், இரண்டு கிராம் இட்டு ஒரு மணி நேரம் கலக்கினோம். ஒப்பீடு நியாயமாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சிரட்டைக் குருணையையும் அதே அளவுக்குப் பொடித்திருந்தோம். வடிகட்டிய நீரை வெள்ளை ஓட்டின் மேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, சிரட்டைக் கரி இரண்டு கிராம் இட்ட குடுவையில் இன்னும் ஊதாச் சாயல் இருந்தது. மக்காச்சோளக் கரி ஒரு கிராம் இட்டது, கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு வெளிறியிருந்தது. அன்று முதல் எந்தக் கரி வந்தாலும் சான்றிதழைப் படிப்பதற்கு முன் இந்தக் குடுவைச் சோதனையைச் செய்துவிடுகிறோம்.

நீரின் தன்மையும் பாதி வேலையைச் செய்கிறது. ரியாக்டிவ் சாயமிடலில் சோடா உப்பு என்னும் சோடியம் கார்பனேட்டைச் சேர்ப்பதால் எங்கள் நீர் பி.எச். 10க்கு மேல் வரும். அந்த நிலையில் கரியின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். சாயமும் எதிர்மின்னூட்டம் கொண்டதாதலால் இரண்டும் விலகிக்கொள்ளும். அமிலம் இட்டு 6க்கு இறக்கிய பின் அதே அளவு கரி தெளிவாகக் கூடுதல் நிறத்தைப் பிடித்தது. சாயத்தொட்டியிலிருந்து வரும் ஏராளமான உப்பு, மின்னூட்ட விலக்கத்தை மட்டுப்படுத்தி இங்கே நமக்குச் சாதகமாக நிற்கிறது என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அந்த உப்பைக் கரி நீக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். கலனுக்குள் போகும்போது எவ்வளவோ, வெளியே வரும்போதும் ஏறத்தாழ அவ்வளவுதான்.

மக்காச்சோளக் கரியின் பெரிய குறை அதன் மென்மை. குருணையாகக் கலனில் இட்டால், நீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்திக் கழுவும் பேக்வாஷைச் செய்யச் செய்யத் தேய்ந்து சேறாகிவிடும். ஆகவே அதைப் பொடியாகவே கலக்கும் தொட்டியில் இட்டு, ஒரு மணி நேரம் கழித்துப் படிகாரம் சேர்த்துப் படியவைக்கிறோம். படியாத நுண்துகள் மணல் வடிகட்டியையும் தாண்டிப் போனதை நாங்கள் கவனிக்கவில்லை. சுத்திகரித்த நீரை மறுபடி பயன்படுத்தியபோது வெளுத்த துணி ஒரு பேல் முழுவதும் சாம்பல் படிந்து வந்தது. அதன் பிறகு நாள்தோறும் காலையில் வெளிக்குழாயின் வாயில் வெள்ளைப் பருத்தித் துணியை ஒரு நிமிடம் பிடித்துப் பார்க்கிறோம். எந்தக் கருவியையும்விட அந்தத் துணியை நான் நம்புகிறேன்.

சிரட்டைக் குருணையை நாங்கள் கைவிடவில்லை, இடம் மாற்றினோம். பெருமளவு சாயம் பொடியில் பிடிபட்ட பிறகு மிஞ்சும் சிறிய கரிமப் பொருள்களையும் வாடையையும் அது அழகாகப் பிடிக்கிறது. மூன்று வாரத்தில் தோற்ற அதே கரி, இந்த வரிசையில் ஏழு மாதம் ஓடியது. புதிதாக நிரப்பும்போது ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்துத் துளைகளில் உள்ள காற்றை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீர் ஒரே தடத்தில் வழிந்தோடி, மீதிக் கரி சும்மா கிடக்கும். பேக்வாஷின்போது கரிப்படுகை 20 முதல் 30 விழுக்காடு எழும்ப வேண்டும் என்பதால் கலனை விளிம்புவரை நிரப்பவும் கூடாது.

விடுமுறையில் ஒரு வாரம் நிறுத்திவைத்துவிட்டுத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. எங்கள் நீரில் சோடியம் சல்பேட்டு மிகுதி. கரியின் மேல் குடியேறிய நுண்ணுயிர்கள் காற்றில்லாத நிலையில் அதை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றியிருந்தன. இப்போது நிறுத்துவதற்கு முன் நன்னீரால் பேக்வாஷ் செய்து, நீரை முழுவதும் வடித்துவிடுகிறோம். இதைவிட ஆபத்தானது இன்னொன்று. ஈரமான கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தானே பிடித்துக்கொள்ளும்; வெறுங்கலன்தானே என்று உள்ளே இறங்குபவர் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் மயங்கி விழக்கூடும். காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் அளவைக் கருவியால் பார்த்து, மேலே ஓர் ஆளை நிறுத்தாமல் எங்கள் கலனுக்குள் எவரும் இறங்குவதில்லை.

வேளாண் கழிவு ஒரே மாதிரி வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மக்காச்சோளக் கதிர் கிடைக்காத மாதங்களில் நிலக்கடலை ஓட்டை அதே முறையில் செய்து பார்த்தோம். கரி மோசமில்லை, ஆனால் மண்ணுக்குள் விளைந்ததாதலால் ஓட்டோடு மண்ணும் வருகிறது. சலித்துக் கழுவாமல் செய்த ஒரு தொகுதியில் சாம்பல் அளவு முந்தையதைப்போல் இருமடங்காயிற்று. மழையில் நனைந்த கதிரில் பூஞ்சை பிடித்து, ஊறவைக்கும் அமிலக் கணக்கும் தவறிற்று. ஒவ்வொரு தொகுதிக்கும் ஈரப்பதத்தையும் சாம்பலையும் பார்த்துக் குறித்துவைப்பது சலிப்பூட்டும் வேலைதான். ஆயினும் அதை விட்ட வாரங்களில்தான் நீரின் நிறம் ஏறியிறங்கியது.

பயன்படுத்திய பொடிக்கரி படிகாரச் சகதியோடு கலந்துவிடுவதால் அதை மீட்டெடுக்க எங்களிடம் வழியில்லை. பிடித்த சாயம் அதில் அப்படியே இருக்கிறது; வெட்டவெளியில் குவித்துவைத்தால் அடுத்த மழையில் ஒரு பகுதி கசிந்துவிடும். அதனால் கூரையின் கீழ் உலர்த்தி, அபாயக் கழிவாகவே அனுப்புகிறோம். மாதந்தோறும் வரும் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொந்தமாகக் கரி செய்வது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா என்பது தெரியும். சிரட்டைக் குருணையில் இந்தத் தொல்லை குறைவு. உலையில் மறுபடி சூடாக்கி மீட்கும்போது ஒவ்வொரு முறையும் பத்து விழுக்காட்டை ஒட்டி இழக்கிறோம். அந்தக் குறையைப் புதுக் குருணை இட்டு நிரப்புகிறோம். இரண்டு முறை உலைக்குப் போய்வந்த கரிதான் இப்போது எங்கள் கலனில் இருக்கிறது.