முருட் வரை போய் வர: ஐந்து சீசன் காற்று பார்த்த அனுபவம்

மும்பை செம்பூர் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து 26 அடி பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறோம். இந்த மே மாதத்தோடு ஐந்து சீசன் முடிந்தது. பெரும்பாலும் மும்பைக்குத் தெற்கே இருக்கும் மாண்ட்வா, அலிபாக். மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தால் இன்னும் தெற்கே முருட்-ஜஞ்சிரா. காற்று பார்க்க ஆரம்பத்திலிருந்தே போனில் ஒரே ஆப்தான். வானிலையைக் கணிக்கும் ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் இரண்டையும் அதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

மூன்று நாளுக்குள் வானிலை கெடுமா என்று தெரிந்துகொள்ள அதை நம்பலாம். இரண்டு மாடலும் ஒத்துப்போனால் முருட், முரண்பட்டால் மாண்ட்வாவோடு சரி என்பதுதான் எங்கள் வழக்கம். ஆனால் எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று என்று கேட்டால் தடுமாறும். இந்த மாடல்கள் உலகம் முழுவதையும் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. கொங்கண் கரையில் ஒரே கட்டத்துக்குள் பாதி கடல், பாதி குன்று. மதியம் நிலம் சூடேறிக் கிளம்பும் கடற்காற்றின் வேகம் அந்தச் சராசரியில் மழுங்கிவிடுகிறது.

இரண்டாவது சீசன், மார்ச் மாதம். முருடிலிருந்து காலை எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினோம். ஆப் காட்டியது 10 நாட் காற்று (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்). மதியம் ஒரு மணிக்குக் கந்தேரி தீவை நெருங்கும்போது 20 நாட்டுக்கு மேல் வடமேற்குக் காற்று, நேர் எதிரே. பெரிய பாயைச் சுருக்கினோம், முன்பாயை இறக்கினோம், குறுக்கும் மறுக்குமாக ஓட்டினோம். மும்பை கேட்வே ஆஃப் இந்தியா வந்து சேர இரவு ஒன்பது. ஒரு நண்பர் அன்று குடித்த தண்ணீரைக்கூட வயிற்றில் தக்கவைக்க முடியவில்லை.

அடுத்த முறை முருட் அருகே ராஜபுரியில் ஒரு கோலி மீனவப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது இரண்டே சொல்லில் விளக்கினார். பகலில் கடலிலிருந்து வருவது 'காரே வாரே', அதாவது உப்புக்காற்று. இரவில் கரையிலிருந்து வருவது 'மத்லயி வாரே'. நம் தூத்துக்குடிப் பக்கம் வாடை, கொண்டல், கச்சான் என்று திசைக்குத் திசை பெயர் இருப்பதுபோல இங்கே நேரத்துக்குப் பெயர் இருக்கிறது. எனக்கு அது பெரிய திறப்பு.

அப்புறம் திட்டமே தலைகீழானது. தெற்கே போவது எளிது, வடமேற்குக் காற்று முதுகில் தள்ளும். கஷ்டம் முழுக்கத் திரும்பும்போதுதான். அதனால் திரும்பும் இரவை முதலில் முடிவு செய்து, போகும் நாளைப் பின்னால் குறிக்கிறோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, பௌர்ணமியை ஒட்டிய இரவு. அதிகாலை இரண்டு மணிக்கு நங்கூரம் எடுத்தால் கரைக்காற்று பக்கவாட்டில் கிடைக்கும். முருடிலிருந்து கேட்வே ஏறக்குறைய 40 கடல் மைல். 5 நாட் வேகத்தில் எட்டு மணி நேரம். பௌர்ணமி நாட்களில் மும்பைத் துறைமுகத்தில் காலை ஆறு ஏழு மணிக்கு வற்றி, நண்பகல் வரை நீர் ஏறும். பத்து மணிக்குள் துறைமுக வாயிலை அடைந்தால், உப்புக்காற்று எழும் முன்பே நீரோட்டம் நம்மை உள்ளே கொண்டுபோய்விடும்.

நிலா வெளிச்சம் இன்னொன்றுக்கும் வேண்டும். இந்தக் கரை நெடுக டோல் வலைகள் (நீரோட்டத்தில் நிலையாகக் கட்டும் பை போன்ற மீன்வலைகள்) கட்டியிருப்பார்கள், விளக்கு இருக்காது. முன்னால் ஒருவர் டார்ச்சோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். இருட்டில் இந்தப் பயணத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அலைக்கு ஆப்பை விட ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் முன்னறிவிப்பையே பார்க்கிறோம். தூரத்துப் புயலிலிருந்து வரும் நீண்ட அலையை அதில் தனியாகக் காட்டுகிறார்கள். காற்றே இல்லாத நாளில் படகு ஏன் இப்படி உருளுகிறது என்ற குழப்பம் அதோடு தீர்ந்தது.

ஏப்ரல், மே மாதங்களில் கரைக்காற்றை நம்ப முடியாது, அலிபாக்கைத் தாண்டுவதில்லை. 2020 ஜூன் 3 அன்று நிசர்கா புயல் அலிபாக் அருகேதான் கரையைக் கடந்தது. அடுத்த ஆண்டு மே மாதமே டவ்தே வந்தது. அதனால் மே பத்துக்குள் எங்கள் படகு தரையில் இருக்கும். இப்போதும் தார்ப்பாய் போர்த்தி அங்கேதான் நிற்கிறது. நவம்பர் பௌர்ணமிக்கு லீவு சொல்லியாகிவிட்டது.