தம்பிக்கு வேலை வாங்கிக் கொடுத்த சென்டரும் அவங்க கொடுத்த அவார்டும்: 5க்கு 4

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை பழக்கி வேலைக்கு அனுப்பற இந்த சென்டர்ல தம்பிய சேத்து மூணு வருஷம் ஆகுது, ரிவ்யூ போடணும் போடணும்னு நெனச்சுட்டே இருந்தேன், போன டிசம்பர்ல அவங்க ஸ்டாஃபுக்கு வெச்ச அவார்டு ஃபங்ஷன பாத்தப்புறம் எழுதாம இருக்க முடியல. கொஞ்சம் நீளமா போகும், பசங்களுக்கு இடம் தேடிட்டு இருக்கற பேரன்ட்ஸ் பொறுமையா படிங்க.

தம்பிக்கு 27 வயசு, அறிவுசார் குறைபாடு. பேசுவான், ஆனா புதுசா யாராவது கேட்டா வாய தொறக்க மாட்டான், எண்ணிக்கை ஏழு எட்டுக்கு மேல போகாது. இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துக்கு அனுப்பிட்டு இருந்தோம், மாசா மாசம் ஃபீஸ் கட்டினோம், நாலு வருஷம் பேப்பர் கவர் ஒட்டினான், அவ்ளோதான். அங்கயும் வருஷத்துக்கு ஒரு ஃபங்ஷன் நடக்கும், டான்ஸ் ஆடுவாங்க, எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கொடுப்பாங்க, பையன் எப்ப வேலைக்கு போவான்னு கேட்டா பாக்கலாம்மான்னு சொல்லி அனுப்பிடுவாங்க. இந்த சென்டருக்கு வந்தப்ப நாங்க ரொம்ப எதிர்பாக்கல.

இங்க மொதல் மூணு மாசம் அவன சும்மா கவனிச்சாங்க. எது பிடிக்குது, எவ்ளோ நேரம் நிக்கறான், சத்தம் கேட்டா என்ன பண்றான்னு ஒரு நோட்டுல எழுதினாங்க, எங்க கிட்டயும் வீட்ல நடக்கறத கேட்டாங்க. அப்புறம் தான் சென்னை சவுகார்பேட்டைல ஒரு ஸ்டேஷனரி குடோன்ல பேசி பேக்கிங் வேலைக்கு போட்டாங்க. போட்டாங்கன்னா லெட்டர் கொடுத்து அனுப்பிட்டு கைய கழுவிக்கல, ஜாப் கோச் மிஸ், அதாவது வேலைய கூட இருந்து பழக்கி விடறவங்க, அவன் கூடவே போனாங்க, அவன் பக்கத்துல நின்னு அவங்களும் பென்சில் பேக் பண்ணாங்க. எண்ணத் தெரியாத பையன் எப்படி டஜன் கணக்கு பாப்பான்னு குடோன் ஓனர் கேட்டதுக்கு அவங்க ஒரு அட்டைல 12 கட்டம் வரைஞ்சு எடுத்துட்டு வந்தாங்க, ஒரு கட்டத்துக்கு ஒரு பென்சில், எல்லா கட்டமும் ரொம்பிடுச்சுன்னா கவர்ல போடு. இது தான் விஷயம். அந்த அட்டைய வெச்சு தான் இன்னிக்கு வரைக்கும் வேலை பாக்கறான், கணக்கு தப்பறதில்ல, இப்ப குடோன்ல புதுசா சேந்த வேற பசங்களுக்கும் அதே மாதிரி அட்டை போட்டிருக்காங்களாம்.

பஸ் விஷயம் சொல்லியே ஆகணும். தண்டையார்பேட்டைல இருந்து மிண்ட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அவன் தனியா போகணும்னு மிஸ் சொன்னப்ப எங்கம்மா பதறிட்டாங்க, "இன்னாம்மா இது, ரோடே தாண்டத் தெரியாத புள்ளைய தனியா அனுப்ப சொல்றியே"ன்னு அழுதே அழுதுட்டாங்க. மிஸ் கோச்சுக்கல. மொத வாரம் அவன் பக்கத்து சீட்ல உக்காந்து போனாங்க, அடுத்த வாரம் ரெண்டு சீட் தள்ளி பின்னாடி, அதுக்கப்புறம் அவன் ஏறுற பஸ்ல ஏறாம பின்னாடியே வர்ற பஸ்ல போய் மிண்ட்ல எறங்கி அவன் எறங்கிட்டானான்னு பாத்தாங்க. பஸ் நம்பர் எழுதின ஒரு கார்டு அவன் சட்டைப் பையில, எறங்கற எடத்துல தெரியற கடையோட போட்டோ இன்னொரு கார்டுல. ஒரு நாள் ஸ்டாப்ப விட்டுட்டான், மிஸ்ஸே எங்களுக்கு போன் பண்ணி சொன்னாங்க, மறைக்கல. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப தனியா போய்ட்டு தனியா வரான், சம்பளம் பேங்க்ல விழுது, மொத சம்பளத்துல அம்மாவுக்கு எம்.சி. ரோட்ல ஒரு புடவை எடுத்துக் கொடுத்தான், கலர் அவனே செலக்ட் பண்ணான்.

ஒரு பேரன்ட்ஸ் மீட்டிங்ல கவர்மென்ட் வேலைக்கு ட்ரை பண்ணலாமான்னு கேட்டேன். அப்ப தான் அங்க இருக்கற சார் ஒருத்தர் தெளிவா சொன்னாரு, 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல கவர்மென்ட் வேலைல 3 சதவீதம் இடஒதுக்கீடு இருந்துச்சு ஆனா அது பார்வை, காது கேக்காதவங்க, கை கால் பாதிப்பு இவங்களுக்குள்ளயே பிரிஞ்சு போச்சு, நம்ம பசங்களுக்கு பங்கே இல்ல. 2016ல வந்த புது சட்டத்துல தான் 4 சதவீதம் ஆக்கி அதுல 1 சதவீதத்த ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநல பாதிப்பு, ஒண்ணுக்கு மேல குறைபாடு இருக்கறவங்கன்னு எல்லாருக்கும் சேத்து வெச்சாங்க. குறைபாடு 40 சதவீதமாவது இருக்குன்னு சர்டிபிகேட் இருக்கணும், அதோட அந்த போஸ்டுக்கு கேக்கற படிப்பும் வேணும், தம்பி படிச்சது ஸ்பெஷல் ஸ்கூல்ல தான், அதனால பிரைவேட் வேலை தான் சரின்னு எங்களுக்கும் புரிஞ்சுது. இத்தன வருஷத்துல ஒருத்தரும் எங்கள உக்கார வெச்சு இப்படி சொன்னதில்ல.

இப்ப அவார்டுக்கு வரேன். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம், 1992ல ஐநா அறிவிச்சது. அன்னிக்கு டெல்லில தேசிய விருது கொடுப்பாங்க, நம்ம தமிழ்நாடு அரசும் சிறந்த பணியாளர், வேலை கொடுத்த சிறந்த நிறுவனம்னு பிரிச்சு 10 கிராம் தங்கப் பதக்கமும் சான்றிதழும் கொடுக்கும். இந்த பசங்களுக்கு வேலைக்கு வழி பண்றவங்களுக்குன்னே என்சிபிஇடிபின்னு மாற்றுத்திறனாளிகள் வேலைவாய்ப்புக்கான ஒரு அமைப்பு 1999ல இருந்து ஹெலன் கெல்லர் பேர்ல ஒரு விருது கொடுத்துட்டு வருது. எல்லாம் நல்லது தான். ஆனா மிண்ட் பஸ் ஸ்டாண்ட்ல வெயில்ல ஒளிஞ்சு நின்னு என் தம்பி எறங்கிட்டானான்னு பாத்தவங்க பேரு அந்த அளவுக்கு மேல போய் சேர எத்தன வருஷம் ஆகுமோ. அதனால சென்டரே ஸ்டாஃப கூப்ட்டு கௌரவம் பண்றது எனக்கு பெருசா பட்டுச்சு.

யாருக்கு அவார்டுன்னு மேனேஜ்மென்ட் ரூம்ல உக்காந்து முடிவு பண்ணல. ஒரு மாசம் முன்னாடி ஸ்டாஃப் எல்லாரோட போட்டோவும் கார்டா போட்டு, ஆயா, டிரைவர், அக்கவுண்ட்ஸ் அக்கா உட்பட, ஒவ்வொரு பையன் பொண்ணு முன்னாடியும் மேஜைல பரப்பி வெச்சு உனக்கு யாரு உதவி பண்ணாங்கன்னு கேட்டாங்க. பேச வராதவங்க கார்ட தொட்டு காட்டினா போதும், பார்வை இல்லாதவங்களுக்கு பேர படிச்சு சொன்னாங்க, காது கேக்காதவங்களுக்கு சைகை மொழி தெரிஞ்ச ஸ்டாஃப் பக்கத்துல இருந்தாங்க. அம்மா அப்பா ஓட்டு தனி பேப்பர்ல, பசங்க ஓட்டோட அத கலக்கல.

தம்பி கண்டிப்பா மிஸ் போட்டோவ தான் எடுப்பான்னு நான் நெனச்சேன், அவன் வேன் டிரைவர் அண்ணா போட்டோவ எடுத்துட்டு விடவே இல்ல. ஏன்டான்னு வீட்டுக்கு வந்து கேட்டா "பெல்ட்டு"ன்னான். எனக்கு புரியல, டிரைவர் அண்ணாவ கேட்டேன். வேலைக்கு போறதுக்கு முன்னாடி அவன் வேன்ல தான் சென்டருக்கு வருவான், சீட் பெல்ட் அவனுக்கு மாட்ட வராது, மத்தவங்க எல்லாரும் நேரமாச்சுன்னு டக்குனு மாட்டி விட்டுடுவோம், நான் உட்பட. இவரு மட்டும் வண்டிய எடுக்காம உக்காந்திருப்பாராம், அவனா மாட்டற வரைக்கும், ஒரு வார்த்த பேசாம. எவ்ளோ நாள் ஆச்சுண்ணான்னு கேட்டேன், "அதெல்லாம் யாரு எண்றா, ஒரு நாள் மாட்டிட்டான்"னாரு. அந்த வருஷம் பசங்க ஓட்டுல அவரு தான் ஜெயிச்சாரு. மேடைல அவருக்கு ஷீல்டு கொடுக்க கூப்ட்டது விஐபிய இல்ல, வேன்ல வர்ற ஒரு பொண்ண. அவரு அழுதுட்டாரு, நானும் தான். மிஸ்ஸுக்கு பேரன்ட்ஸ் ஓட்டுல வந்துச்சு, எங்கம்மா எழுந்து நின்னு கை தட்டினாங்க.

எனக்கு பிடிக்காததும் சொல்றேன், அவங்க திருத்திக்கணும்னு தான். ஓல்டு வண்ணாரப்பேட்டைல அவங்க புடிச்ச மண்டபத்துல மேடைக்கு படி மட்டும் தான், சாய்வுப் பாதை இல்ல. அங்க கம்ப்யூட்டர் சொல்லித் தர்ற சார் வீல்சேர்ல தான் வருவாரு, அவருக்கு மட்டும் கீழயே வெச்சு அவார்டு கொடுத்தாங்க. அவரு சிரிச்சுட்டே வாங்கிட்டாரு, எனக்கு மனசு கேக்கல. இந்த வேலையே பண்றவங்க மண்டபம் புக் பண்றதுக்கு முன்னாடி இத பாத்திருக்கணும். வந்த விருந்தினர் ஒருத்தர் முக்கால் மணி நேரம் பேசினாரு, இவங்கள்லாம் கடவுளோட குழந்தைங்கன்னு பத்து தடவ சொன்னாரு. 27 வயசுல சம்பளம் வாங்கறவன் குழந்தை இல்ல சார். அடுத்த வருஷம் அந்த நேரத்த வேலைக்கு போற பசங்களுக்கு கொடுங்க.

இன்னொண்ணு சம்பளம். ஷீல்டு நல்லாருக்கு, சர்டிபிகேட் நல்லாருக்கு, ஆனா மூணு வருஷத்துல ரெண்டு கோச் வேலைய விட்டு போய்ட்டாங்க, ரெண்டு பேருமே ரொம்ப நல்லவங்க, கட்டுப்படியாகலன்னு தான் போனாங்க. ஒவ்வொரு தடவ ஆள் மாறும்போதும் பசங்க திரும்ப மொதல்ல இருந்து பழகணும், தம்பி ஒரு மாசம் சரியா சாப்பிடல. அவார்டு கூட ஒரு மாச சம்பளம் போனஸா கொடுத்தா எவ்ளோ நல்லாருக்கும், அதுக்குன்னு தனியா வசூல் பண்ணாங்கன்னா பேரன்ட்ஸ் நாங்க தருவோம், மீட்டிங்ல எழுதியே கொடுத்திருக்கேன். அந்த ஒரு ஸ்டார் குறைச்சது இதுக்கும் மண்டபத்துக்கும் சேத்து தான்.

போகணும்னு நெனக்கறவங்க யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை), ஆதார், ரெண்டு போட்டோ எடுத்துட்டு போங்க, கார்டு இல்லன்னா அப்ளை பண்ண அவங்களே ஹெல்ப் பண்றாங்க. தண்டையார்பேட்டை மெட்ரோல லிஃப்ட் இருக்கு, வீல்சேர்ல வர்றவங்களுக்கு அது தான் ஈஸி, அங்கிருந்து ஆட்டோ. ஃபீஸ் கிடையாது, ஆனா உடனே வேலை கெடைக்கும்னு போகாதீங்க, எங்களுக்கு எட்டு மாசம் ஆச்சு. காலைல பத்து மணிக்கு முன்னாடி போனா வேன் வந்து நிக்கறத பாக்கலாம், டிரைவர் அண்ணா கிட்ட தண்டையார்பேட்டை பென்சில் பையனோட அக்கா சொன்னாங்கன்னு சொல்லுங்க, யார பாக்கணும்னு அவரே கூட்டிட்டு போய் விடுவாரு.