கொலுசும் காபியும் கடல் கடக்கும்போது: டிரேட்மார்க்குக்கு நேரடி விண்ணப்பமா, மாட்ரிட் வழியா?

கிண்டியில் உள்ள பதிவகம் தரும் டிரேட்மார்க் சான்றிதழுக்கு இந்திய எல்லைக்கு வெளியே மதிப்பில்லை. சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரரோ, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரியோ, ஏற்காட்டுக் காபித் தோட்டக்காரரோ தம் பெயர் அச்சிட்ட சரக்கைத் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பத் தொடங்கினால், அந்தப் பெயருக்கு அங்கே தனியாக உரிமை வாங்கியாக வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன: ஒவ்வொரு நாட்டிலும் நேரடியாக விண்ணப்பிப்பது, மாட்ரிட் என்ற பன்னாட்டு ஏற்பாட்டின் கீழ் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்பது, ஐரோப்பிய ஒன்றியம் போன்ற கூட்டுப் பதிவு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றிரண்டு நாடுகளில் மட்டும் விற்கும் சேலத்துச் சிறு நிறுவனத்துக்கு நேரடி விண்ணப்பமே நல்லது. மாட்ரிட் மலிவு என்ற பேச்சை நம்பி, இந்தியச் சான்றிதழ் கைக்கு வரும் முன்பே அதில் இறங்க வேண்டாம்.

இறக்குமதியாளரிடம் விட்டுவிடுவது

இதை ஒரு வழியாகக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. ஆனாலும் நடைமுறையில் பலர் செய்வது இதுதான். "அங்கே நானே பதிந்துகொள்கிறேன், உங்களுக்குச் செலவில்லை" என்று வாங்குபவர் சொல்கிறார். உறவு நன்றாக இருப்பதால் இவரும் தலையாட்டிவிடுகிறார். பிறகு விலையில் மனத்தாங்கல் வந்து வேறொருவருக்குச் சரக்கு அனுப்பினால், அந்த நாட்டில் பெயரின் சட்டப்படியான உரிமையாளர் பழைய இறக்குமதியாளர். சொந்தப் பெயர் அச்சிட்ட சொந்தச் சரக்கையே அவர் தடுத்து நிறுத்த முடியும்.

உரிமையாளரின் சம்மதமில்லாமல் முகவர் தன் பெயரில் பதிந்தால் அதை எதிர்க்கவும் ரத்துசெய்யக் கேட்கவும் தொழிற்சொத்துரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பாரிஸ் உடன்படிக்கையில் இடம் இருக்கிறது. ஆனால் "சரி, பதிந்துகொள்ளுங்கள்" என்று கடிதத்திலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக் கொடுத்தவருக்கு அந்த வாதம் எப்படி நிற்கும்? வழக்குச் செலவோ பதிவுக் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் பெயரை அவரிடம் கொடுக்காதீர்கள். விநியோக ஒப்பந்தத்திலேயே பெயரும் லேபிளும் ஆலையின் சொத்து என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நேரடி விண்ணப்பம்

வெளிநாட்டு நிறுவனம் என்பதால் பெரும்பாலான நாடுகளில் உள்ளூர் வழக்கறிஞரோ முகவரோ, குறைந்தபட்சம் ஓர் உள்ளூர் முகவரியோ தேவை. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் எந்த விண்ணப்பதாரரும் அமெரிக்க உரிமம் பெற்ற வழக்கறிஞர் மூலமே வர வேண்டும் என்பது 2019 ஆகஸ்ட் முதல் விதி. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதிகாரப் பத்திரம் கேட்பார்கள்; நோட்டரி கையெழுத்தில் தொடங்கித் தூதரகச் சான்று வரை அது போய்வர வேண்டும். கட்டணமும் அங்கே கடுமையானது.

இத்தனை அலைச்சலுக்கும் கிடைக்கும் பலன் பெரிது. அந்த நாட்டில் எந்த லேபிளை விற்கிறோமோ அதையே பதியலாம். துபாய்க்குப் போகும் கொலுசுப் பெட்டியில் அரபு எழுத்து இருந்தால், அந்த அரபு எழுத்துக்கே காப்பு வாங்கலாம். இந்தியாவில் விண்ணப்பித்து ஆறு மாதத்துக்குள் அங்கேயும் விண்ணப்பித்தால், இந்திய விண்ணப்பத் தேதியையே முன்னுரிமைத் தேதியாகக் கேட்கலாம். பதிவு கிடைத்தபின் இந்தியாவில் ஏதாவது சிக்கல் வந்தாலும் அந்த நாட்டுப் பதிவு தன் காலில் நிற்கும்.

மாட்ரிட்

இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் சேர்ந்தது 2013 ஜூலை 8 அன்று. இந்திய விண்ணப்பத்தையோ பதிவையோ அடிப்படையாகக் காட்டி, நம் பதிவகம் வழியாகவே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவகத்தின் கையாளும் கட்டணம் 5,000 ரூபாய். மாட்ரிட் பதிவை நடத்தும், ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்புக்குச் செலுத்தும் அடிப்படைக் கட்டணம் கறுப்பு வெள்ளைக்கு 653 சுவிஸ் பிராங்க், வண்ணத்துக்கு 903. ஒரு நாட்டுக்கு 100 பிராங்க் என்று சொல்லி ஆசை காட்டுவார்கள். ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், சிங்கப்பூர், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாம் தத்தமக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. நம் சரக்கு போவதோ அந்தச் சந்தைகளுக்குத்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது முதல் ஐந்தாண்டுகளைப் பற்றி. சர்வதேசப் பதிவுத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகள் வரை எல்லா நாட்டுக் காப்பும் இந்திய அடிப்படையையே நம்பி நிற்கிறது. இந்திய விண்ணப்பம் மறுக்கப்பட்டாலோ பதிவு ரத்தானாலோ எல்லா நாடுகளிலும் சேர்ந்து விழும். மூன்று மாதத்துக்குள் அதை அந்தந்த நாட்டு விண்ணப்பமாக மாற்றிப் பழைய தேதியைக் காப்பாற்றலாம்; ஆனால் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். இந்தியாவில் பதிவகத்தின் டிரேட்மார்க் இதழில் விண்ணப்பம் வெளியானபின் யார் வேண்டுமானாலும் நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம். அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அதனால்தான் சான்றிதழ் வந்தபின் மாட்ரிட் என்கிறேன்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இந்தியாவில் எந்த வடிவில் பதிந்தோமோ அதே வடிவில்தான் வெளிநாட்டிலும் கேட்க முடியும். தமிழ் எழுத்தில் வண்ண லேபிளாக மட்டும் பதிந்து வைத்திருந்தால், சிங்கப்பூர்க் கடையில் ஆங்கில எழுத்தில் விற்கும் பாக்கெட்டுக்கு அந்தக் காப்பு அரைகுறையாகவே பொருந்தும். 903 பிராங்கும் கட்ட வேண்டும். ஏற்றுமதி எண்ணம் இருப்பவர்கள் இந்தியாவிலேயே பெயரை வண்ணமில்லாத வெறும் சொல்லாகவும் பதிந்து வைப்பது நல்லது. சிறு நிறுவனத்துக்கு ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு பொருள் பிரிவுக்கு, 4,500 ரூபாய்தான்.

ஆட்சேபம் எழுந்தால் பதில் சொல்ல அந்த நாட்டு வழக்கறிஞர் எப்படியும் வேண்டும். அமெரிக்கா பெரும்பாலும் பொருள் விவரத்திலாவது ஓர் ஆட்சேபம் எழுப்பும். அத்தோடு மிச்சம்பிடித்தது கரைந்துவிடும். நான்கைந்து நாடுகளுக்கு மேல் விற்பவருக்கு மட்டும் கணக்கு மாறுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு, கூட்டு நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆகும்போது பெயர் மாற்றம் எல்லாம் ஜெனீவாவில் ஒரே இடத்தில் முடியும். அப்பா காலத்து நிறுவனங்களைப் பிள்ளைகள் மாற்றியமைக்கும் நம் ஊரில் அது பெரிய வசதி.

ஐரோப்பிய ஒன்றியம்

ஸ்பெயினின் அலிகாந்தே நகரில் உள்ள அலுவலகத்தில் ஒரு வகுப்புக்கு 850 யூரோ; 27 நாடுகளுக்கும் செல்லும். ஏதாவது ஒரு நாட்டில் முந்தைய உரிமை வைத்திருப்பவர் எதிர்த்து வென்றால் மொத்தமும் போகும். பிரிட்டன் இதில் 2021 முதல் சேராது. பாரிஸ் தமிழ்க் கடைகளுக்கு மட்டும் ஜவ்வரிசி அனுப்புபவர் பிரான்சில் மட்டும் பதிந்தால் போதும்.

ஏற்காடு என்ற பெயருக்கு

காபிக்காரர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். சேர்வராயன் மலைக்கு 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து அந்த மலையின் பெயர் அங்கே விளைவிக்கும் எல்லோருக்கும் பொது. ஊர்ப் பெயரை மட்டும் ஒருவர் தனியுரிமையாகக் கேட்டால் இங்கும் ஆட்சேபம் வரும், அங்கும் வரும். வருவது நியாயம் என்றே நினைக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசியும் அப்படியே. ஊர்ப் பெயரோடு தோட்டத்தின் தனிப்பெயரையும் சேர்த்துப் பதியுங்கள்.

அமெரிக்காவில் இது வழித் தேர்வையே மாற்றுகிறது. ஊரைக் குறிக்கும் பெயர் என்று தேர்வாளர் முதன்மைப் பதிவேட்டில் மறுத்தால், நேரடியாக வந்த விண்ணப்பத்தைத் குறைந்த காப்புத் தரும் துணைப் பதிவேட்டுக்கு மாற்றக் கேட்கலாம். மாட்ரிட் வழியாக வந்ததற்கு அந்த வாய்ப்பே கிடையாது. எந்த வழியில் வாங்கினாலும், ஐந்தாம் ஆண்டுக்கும் ஆறாம் ஆண்டுக்கும் இடையில் பெயர் அங்கே புழக்கத்தில் இருப்பதாக உறுதிமொழி கொடுக்க வேண்டும். சரக்கு அனுப்பிய பில்லையும் பாக்கெட்டின் புகைப்படத்தையும் முதல் சரக்கிலிருந்தே சேர்த்து வையுங்கள்.

எந்தக் கட்டணமும் கட்டும் முன் உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பின் குளோபல் பிராண்ட் டேட்டாபேஸில் பெயரைத் தேடுங்கள். இலவசம். காபிக்கும் ஜவ்வரிசிக்கும் 30-ஆம் வகுப்பு, கொலுசுக்கு 14. நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அந்த எல்லா விதத்திலும் தேட வேண்டும்.