ஸ்கூல்ல சொல்றதா வேணாமா? நாங்க பாத்த மூணு வழி

பெரியவ பதினொண்ணாவது, சிபிஎஸ்இ, திருச்சி. ஜூலைல இருந்து காலைல வேன் ஹாரன் கேட்டாலே கை நடுங்கும், பாத்ரூமுக்குள்ள போயி தாழ்ப்பா போட்டுக்குவா, டிபன் பாக்ஸ்ல தயிர்சாதம் புளிச்சு அப்படியே திரும்பி வரும். டாக்டர்கிட்ட போனோம், பேனிக் அட்டாக், கூடவே கொஞ்சம் டிப்ரஷனும் இருக்குன்னு மாத்திரை எழுதினார். சரி மருந்து ஆரம்பிச்சாச்சு, ஸ்கூல்ல சொல்றதா வேணாமா? இதுல தான் வீடே ரெண்டா போச்சு.

எங்க வீட்டுக்காரரும் மாமியாரும் மூச்சு விடக்கூடாதுன்னுட்டாங்க. அந்தப் பயம் சும்மா இல்லங்க, ஸ்டாஃப் ரூம்ல பேசினது சாயங்காலத்துக்குள்ள வேன் டிரைவர் வரைக்கும் போயிரும், பொம்பளப் புள்ள வேற, நம்ம ஊர்ல 'மெண்டல்'ங்கிறது இன்னும் வசவு தானே. சரின்னு ஒன்றரை மாசம் சொல்லாமலே ஓட்டினோம். ஒரு வாரம் காய்ச்சல், ஒரு வாரம் வயித்து வலின்னு லீவ் லெட்டர் எழுதினேன். மாத்திரை ஆரம்பிச்ச முதல் ரெண்டு வாரம் ஒரே தூக்கம், மருந்து நல்லா வேலை செய்யவே நாலஞ்சு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்லித் தான் அனுப்பினார், ஆனா அது கிளாஸ்ல இருக்குற மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்? 'ராத்திரி பூரா போன் பாத்தியா?'ன்னு எழுப்பி நிக்க வெச்சுட்டாங்க. சொல்லலைன்னா ஸ்கூல் ஒண்ணும் நினைக்காதுன்னு இல்ல, சோம்பேறின்னு நினைச்சுக்கும். இன்னொண்ணு அட்டெண்டன்ஸ், 75 சதவீதம் வேணும், குறைஞ்சா மெடிக்கல் பேப்பர் காட்டணும், மாசக்கணக்கா வைரல் ஃபீவர்னு எழுதிட்டு ஜனவரில மனநல டாக்டர் பேப்பரை நீட்டினா யாரு நம்புவா?

சேலத்துல எங்கக்கா இதுக்கு நேர் எதிர். பையனோட மனநல ட்ரீட்மெண்ட் ஃபைலை முழுசா கொண்டுபோய் பிரின்சிபால் டேபிள்ல வெச்சா. உடனே நல்லது நடந்துச்சு, அதையும் சொல்லணும், ரெண்டு டெஸ்ட் எழுத வேணாம்னுட்டாங்க. ஆனா ஆபீஸ்ல ஃபைலை ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்கிட்டாங்க. ஒரு சார் கிளாஸ்லயே 'அவனை ஒண்ணும் சொல்லாதீங்கப்பா, அவனுக்கு அந்த மாதிரி'ன்னாராம். சேஃப்டின்னு சொல்லி ஃபுட்பால் டீம்ல இருந்தும் எடுத்துட்டாங்க, அவன் சிரிக்கிற ஒரே இடம் அது தான். 2017 மனநலச் சட்டத்துல ரகசியம் காக்கணும்னு இருக்குல்லன்னு அக்கா கேட்டா. இருக்கு, ஆனா அது கட்டுறது வைத்தியம் பாக்குறவங்க வாயை, ஸ்கூல் ஆபீஸ் பீரோவுக்கு அது பூட்டு இல்ல.

முழுசா சொல்லியே ஆகவேண்டிய இடமும் உண்டு. டிஸ்லெக்சியா மாதிரி படிப்புக் குறைபாடுன்னா சர்ட்டிஃபிகேட் குடுத்தா தான் எக்ஸ்ட்ரா டைம், ஸ்கிரைப் (புள்ள சொல்லச் சொல்ல பரீட்சை எழுதித் தர்ற ஆள்) எல்லாம் கிடைக்கும், அங்க மறைச்சா நஷ்டம் புள்ளைக்குத் தான். அதே மாதிரி தன்னைக் காயப்படுத்திக்கிற பேச்சோ எண்ணமோ இருந்தா மானம் மரியாதை பாக்காம ஸ்கூலுக்கு அன்னைக்கே சொல்லிரணும், ராத்திரி நேரம்னா அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன் 14416க்கு அடிங்க, ஃப்ரீ தான், தமிழ்ல பேசுவாங்க.

இது ரெண்டும் இல்லைன்னா என் ஓட்டு மூணாவது வழிக்கு: நோய் பேரைச் சொல்லாதீங்க, புள்ளைக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க, அதுவும் ஒரே ஒரு ஆளுகிட்ட. ஆளு யாருங்கிறது தான் கஷ்டம். 100 புள்ளைங்களோ அதுக்கு மேலயோ படிக்கிற இடத்துல கவுன்சிலர் வேணும்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலைல சொல்லிருச்சு, எங்க ஸ்கூல்லயும் ரூம் இருக்கு, கண்ணாடிக் கதவு போட்டு, பிரின்சிபால் ரூமுக்கு எதிர்ல! அதுக்குள்ள எந்தப் புள்ள போயி அழும்? அதனால யார்கிட்ட சொல்லலாம்னு அவகிட்டயே கேட்டேன். யோசிக்கவே இல்ல, லைப்ரரி மிஸ்னா. வைஸ் பிரின்சிபாலைத் தான் நான் நினைச்சு வெச்சிருந்தேன்.

டாக்டர் லெட்டர்லயும் ஒரு சிக்கல், அவர் லெட்டர்ஹெட்லயே கொட்டை எழுத்துல மனநல மருத்துவர்னு இருக்கு, உள்ள என்ன எழுதினா என்ன! கேட்டதும் சிரிச்சுட்டு ஆஸ்பத்திரி பொது லெட்டர்ஹெட்ல, சிகிச்சையில் இருக்கிறார், ஃபர்ஸ்ட் பீரியட் லேட்டா வரலாம்னு ரெண்டு வரில குடுத்தார். கூட நான் ஒரு லெட்டர் எழுதினேன்: மூச்சு முட்டினா கேக்காம வெளிய விடணும், எல்லார் முன்னாடியும் எழுப்பிக் கேள்வி கேக்க வேணாம், எதுன்னாலும் எனக்கு போன் பண்ணுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி அவகிட்ட காட்டினேன். கடைசில 'கொஞ்சம் அன்பா பாத்துக்குங்க'ன்னு எழுதியிருந்தேன், அதை மட்டும் பேனாவால அடிச்சா. ஏன்டின்னேன். 'அப்படிப் பாத்தா தான்மா எல்லாருக்கும் தெரியும்'னா.

லைப்ரரி மிஸ் ஒரு சின்ன அட்டைல கையெழுத்துப் போட்டு குடுத்திருக்காங்க, ஜியோமெட்ரி பாக்ஸ்ல வெச்சிருக்கா, கிளாஸ்ல அதைக் காட்டினா வெளிய விட்ருவாங்க. இதுவரைக்கும் ரெண்டு தடவை தான் எடுத்தாளாம். பிசிக்ஸ் மிஸ் மட்டும் இன்னும் 'ராத்திரி பூரா போன் பாத்தியா?'ன்னு தான் கேக்குறாங்க.