வீட்டு மெயில் சர்வர்: நேரடியாக அனுப்புவதா, ரிலே வழியாகவா?

வீட்டில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளை நிறுவி அனுப்பிய அஞ்சல்கள், எதிர்முனை ஏற்க மறுத்ததைக் குறிக்கும் 550 என்ற பிழை எண்ணுடன் திரும்பி வரும்போது, அமைப்பைச் சரிசெய்து நேரடியாகவே அனுப்புவதா, நம் அஞ்சலை வாங்கி உரியவருக்கு அனுப்பித் தரும் ரிலே சேவையிடம் ஒப்படைப்பதா என்ற குழப்பம் எழுவது இயல்பு.

செலவு: நேரடி வழிக்கு நிலையான ஐபி முகவரி வேண்டும், அதற்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. ரிலே சேவைகள் சிலவற்றில் குறைந்த எண்ணிக்கை வரை இலவசம்.

சென்றடைதல்: சிக்கலே இங்குதான். வீட்டு இணைப்புகளின் முகவரிகளை குப்பை அஞ்சலைத் தடுக்க உதவும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் (நேரடியாக அஞ்சல் அனுப்பக் கூடாத முகவரிகளின்) பட்டியல் முன்கூட்டியே சேர்த்து வைக்கிறது. சர்வர்கள் தமக்குள் அஞ்சல் பரிமாறும் 25ஆம் போர்ட்டை இணைய நிறுவனங்கள் பலவும் அடைத்துவிடுகின்றன. ஐபி முகவரிக்குரிய பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவையோ முகவரியை வழங்கிய நிறுவனம்தான் மாற்ற முடியும். என் சர்வர், இணைப்பின் தொடக்கத்தில் தன் பெயரைச் சொல்லும் ஹெலோவில் தன்னை ‘லோக்கல்ஹோஸ்ட்’ (எந்தக் கணினியும் தன்னையே குறிக்கும் பொதுப் பெயர்) என்று அறிமுகம் செய்துகொண்டிருந்ததை லாகில் கண்டு திருத்திய பிறகும், பிடிஆர் பொருந்தாததால் எதிர்முனை அஞ்சலை ஏற்கவில்லை.

எளிமை: போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் அமைப்புக் கோப்பின் ரிலேஹோஸ்ட் வரியில் சேவையின் முகவரியையும் 587ஆம் போர்ட்டையும் எழுதி, கடவுச்சொல்லையும் அமைத்தால் ரிலே தயார். நம் டொமைன் பெயரில் யார் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் அந்தச் சேவையைச் சேர்க்க மறந்தால் மட்டும் பழைய கதைதான்.

அந்தரங்கம்: ரிலேயில் அஞ்சல் இன்னொருவர் கையைக் கடந்தே செல்கிறது.

பிடிஆரை மாற்றித் தரும் இணைய நிறுவனம் வாய்த்தவர் நேரடியாக அனுப்பலாம். சாதாரண வீட்டு இணைப்புக்கு ரிலேயே பொருத்தம். 25ஆம் போர்ட் உள்வரவுக்குத் திறந்திருந்தால், அஞ்சல் பெறுவதை மட்டும் வீட்டு சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம்.